நான்கு தடவை மயக்கம்

என் இரட்டைப் பெண்களில் இளையவளுக்கு மூன்று வயது முடிவதற்குள் நான்கு தடவை மயக்க மருந்து கொடுத்தார்கள். மூத்தவளுக்கு ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. இருவருக்கும் ஒரே கண், ஒரே நெற்றி, ஒரே சுருட்டை முடி. அந்த ஒரு வித்தியாசத்தைச் சுற்றித்தான் நானும் என் கணவரும் எண்பதுகளைக் கழித்தோம்.

செஞ்சியில்தான் பிறந்தார்கள், நல்ல மழைக்காலத்தில். முதலில் வந்தவளைத் துடைத்து என் பக்கத்தில் போட்டார்கள். அடுத்தவளை உடனே காட்டவில்லை. நர்சம்மா அவள் முகத்தைத் துணியால் மறைத்தபடி வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். நான் கேட்கக் கேட்க, கடைசியில் துணியை விலக்கினார். மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. வாய்க்குள் அண்ணமும் சேரவில்லை, அங்கே ஒரு இருட்டான வழி தெரிந்தது. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், பயப்படாதே என்றார்.

பார்க்க வந்த என் நாத்தனார், கிரகணத்தன்று வெளியே வந்தாயா, கத்தி எடுத்தாயா என்று விசாரித்தார். எடுத்தேனா இல்லையா என்று நானும் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். அதே வயிற்றில்தானே மூத்தவளும் இருந்தாள், அவளுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று திருப்பிக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மூத்தவள் மார்பில் குடித்தாள். இளையவளால் உறிஞ்ச முடியாது. பாலைப் பீய்ச்சிச் சங்கில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடுவேன். பாதி உள்ளே போகும், பாதி மூக்கு வழியாக வரும். புரையேறினால் முகம் நீலமாகிவிடும். ஒரு வேளைப் பாலை முடிப்பதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். குழந்தைக்கு எடை ஏறினால்தான் ஆபரேஷன் என்று பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நாங்கள் எடைக்காகவே வாழ்ந்தோம். என் கணவர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வந்து, அவளை மடியில் போட்டுக்கொண்டு, என்னைவிடப் பொறுமையாகச் சங்கைச் சாய்ப்பார்.

முதல் ஆபரேஷன் உதட்டுக்கு. காலையில் பால் கொடுக்கக் கூடாது என்றதால் அவள் பசியில் கத்திக்கொண்டே இருந்தாள். என் ரவிக்கை நனைந்துவிட்டது. கதவருகே பச்சை உடுப்புப் போட்ட ஒருவர் வந்து வாங்கிக்கொண்டார். உள்ளே போன பிறகும் அழுகை கேட்டது. பிறகு நின்றது. நின்ற அந்த நொடி எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பசி தெரியாமல் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது உதடு சேர்ந்திருந்தது. கறுப்பு நூல் தையல், வீங்கிய முகம், ஆனால் ஒரு முழு உதடு. மூச்சில் மட்டும் ஒரு தித்திப்பான மருந்து வாசனை, மறுநாள்வரை போகவில்லை. என் கணவர் அக்கம்பக்கத்துக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமான மாதங்கள் எங்களுக்கு அதற்குப் பிறகு வரவில்லை.

இரண்டாவது ஆபரேஷன் அண்ணத்துக்கு, ஒன்றரை வயதில். வீட்டுக்கு வந்த சில நாட்களில் உள்தையல் விட்டுப்போய்க் கஞ்சி மறுபடி மூக்கில் வந்தது. அதனால் மூன்றாவது. அதிலும் ஒரு ஓட்டை மிச்சமிருந்ததால் நான்காவது. அந்த நான்காவதுதான் நீண்டது. காலையில் கொண்டுபோனவளைச் சாயங்காலம்தான் கொடுத்தார்கள். தொண்டையில் வீக்கம், மூச்சுக்குக் கொஞ்சம் கஷ்டப்பட்டாள், அதனால் கூட நேரம் வைத்திருந்தோம், இப்போது பயமில்லை என்றார்கள்.

அவள் கண் விழித்தபோது நான் குனிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சுவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். என் கையைத் தள்ளிவிட்டு அழ ஆரம்பித்தாள். பசிக்கு ஒன்று, வலிக்கு ஒன்று என்று அவளுடைய அழுகைகளெல்லாம் எனக்குத் தெரியும். இது அவற்றில் ஒன்றல்ல. என் கணவர் தூக்கிக்கொண்டு நடந்தார். அவரையும் அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள், மயக்கம் தெளியும்போது எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் என்றார். இரண்டு நாளில் சரியாகிவிட்டாள். சரியாகிவிட்டாள் என்று நாங்கள் நினைத்தோம்.

மூக்குத்தண்டு கோணலாக இருக்கிறது, அண்ணத்தில் சின்ன ஓட்டை இருக்கிறது, ஆறு வயதில் கொண்டுவாருங்கள், இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த ஆபரேஷன்களுக்கு முன்னால் அவள் எப்படி இருந்தாள் என்பதை நான் எத்தனையோ தடவை நினைவுபடுத்திப் பார்த்திருக்கிறேன். ஒரு வயதில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கை தட்டுவார்கள். இளையவள் மூக்கால் "ம்மா" என்பாள். முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்ப்பாள். இதெல்லாம் நிச்சயம். ஆனால் கை தட்டியது மூத்தவள் தட்டிய அதே வாரமா, பிறகா? எட்டிப் பார்த்தது இளையவள்தானா, அல்லது மூத்தவளின் ஞாபகத்தை இவள்மேல் ஏற்றுகிறேனா? எனக்குக் கோபம் வரும் நாட்களில் அவள் ஆபரேஷனுக்கு முன் சுட்டியாக இருந்ததாக ஞாபகம் வருகிறது. களைத்துப்போன நாட்களில் பிறவியிலிருந்தே மந்தமாக இருந்ததாக ஞாபகம் வருகிறது. எந்த ஞாபகத்தையும் இன்றைக்கு நம்ப முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருடம் எனக்கு அங்கேயே சத்துணவு மையத்தில் வேலை கிடைத்தது. அடுப்படி ஜன்னலிலிருந்து ஒன்றாம் வகுப்பு தெரியும். மூத்தவள் பொங்கலுக்குள் உயிரெழுத்து எல்லாம் எழுதிவிட்டாள். இளையவள் பலப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு வட்டம் போட்டாள். காலையில் அவள் கையைப் பிடித்து "அ" எழுத வைப்பேன். பிடித்திருக்கிற வரைக்கும் எழுதுவாள். மத்தியானம் அதே எழுத்தைக் காட்டினால் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். ஒரே இடத்தில் உட்கார மாட்டாள். வேண்டியது கிடைக்காவிட்டால் தலையைச் சுவரில் மோதுவாள். அவளுக்கு ஒன்றுமே வராது என்றும் சொல்ல முடியாது. கடையில் வரிசையாக நிற்கிற சைக்கிள்களில் எது இடம் மாறி நின்றாலும் உடனே கண்டுபிடித்துச் சரியான இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவாள்.

பேச்சு யாருக்கும் புரியாது. எல்லாச் சொல்லும் மூக்கு வழியாக ஒரே ஓசையாக வரும். எனக்குப் பாதி புரியும். முழுக்கப் புரிந்தது மூத்தவளுக்கு மட்டும்தான். இவள் ஏதோ முனகினால் அவள் எங்கிருந்தாலும் திரும்பி, "அவளுக்குக் கால்ல முள்ளு குத்திருக்குதாம்," "டீச்சர் அடிச்சாங்களாம்," "அந்த நாய் நம்மளுதான்னு கேக்குறா," என்பாள். எப்படிப் புரிகிறது என்று கேட்டால் மூத்தவளுக்குச் சொல்லத் தெரியாது.

அதுவரை நாங்கள் எல்லாவற்றையும் அண்ணத்தின்மேல் போட்டிருந்தோம். பேச்சு வராததால் படிப்பு வரவில்லை, ஓட்டையை மூடினால் பேச்சு வரும், பேச்சு வந்தால் படிப்பு வரும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் கடைக்குப் பஞ்சர் போட வந்த ஒருவர், கைக்குழந்தைக்குத் திரும்பத் திரும்ப மயக்க மருந்து கொடுத்தால் மூளை மரத்துப்போகும் என்று யாரோ சொல்லிக் கேட்டதாக என் கணவரிடம் சொல்லிவிட்டுப் போனார். யார், எவர் என்றுகூட இவர் விசாரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களையும் பார்த்தபடி நின்றார்.

"இன்னாமே, ஒரே வயித்துல ஒண்ணா இருந்துதுங்கோ. ஒரே வூட்ல வளருதுங்கோ. ஒண்ணு அப்பிடி இருக்குது, ஒண்ணு இப்பிடி இருக்குது. நடுவுல இன்னா வந்துது? அந்த மருந்துதான வந்துது," என்றார்.

உதடு பிளந்ததும்தானே நடுவில் வந்தது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் சொன்னது காதில் விழுந்த நிமிடமே எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் அழுகை நின்ற நொடி நினைவுக்கு வந்தது. அந்த நொடியில் நான் நிம்மதிதானே அடைந்தேன்.

அதற்குப் பிறகு அவர் மாறிப்போனார். அமாவாசைக்கு அமாவாசை அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போனார். மூத்தவள் பாடம் படித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். மூத்தவள் முதல் ரேங்க் வாங்கிவந்து காட்டிய அன்று, நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இளையவளைப் பார்த்தார். மூத்தவளின் முகம் வாடியதை நான் பார்த்தேன்.

ஆறு வயது வந்தது. ஐந்தாவது ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அவர் வர மாட்டேன் என்றார். நான், மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரையே நேரில் கேட்டுவிடலாம், அவர் வேண்டாமென்றால் வந்துவிடலாம் என்று சொல்லி அழைத்துப்போனேன். இளையவள் ஜன்னலோரம் உட்கார்ந்து உற்சாகமாக இருந்தாள். பஸ் என்றால் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

அந்த டாக்டர் ஒரு இளம்பெண். உட்காரச் சொன்னார். எத்தனை ஆபரேஷன், எந்தெந்த வயதில் என்று நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு நான் கேட்டேன், இந்த மருந்தால் பிள்ளையின் மூளை கெட்டிருக்குமா என்று.

"நாங்க படிச்ச புத்தகத்துல அப்படி எதுவும் இல்லம்மா. மருந்து உடம்பை விட்டுச் சீக்கிரமே போயிடும். குழந்தை நல்லா முழிச்சுக்கிட்டா முடிஞ்சதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க," என்றார்.

"அப்ப இவளுக்கு இன்னா ஆச்சு?" என்று என் கணவர் கேட்டார்.

டாக்டர் இளையவளைப் பார்த்தார். அவள் மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியலங்க. நாங்க குழந்தைய முழிக்க வெச்சு வார்டுக்கு அனுப்புறதோட சரி. அஞ்சு வருஷம் கழிச்சு அது பேசுதா, படிக்குதான்னு நாங்க யாரும் போய்ப் பார்த்ததில்ல."

நல்ல மனுஷி. அவர் பொய் சொல்லியிருந்தால், ஒன்றும் ஆகாது போங்கள் என்று அதட்டியிருந்தால், நாங்கள் அன்றைக்கு ஆபரேஷனுக்குச் சம்மதித்திருப்போம். ஓட்டையை மூடாவிட்டால் பேச்சு தெளிவாகாது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள் என்றும் அவரே சொன்னார். என் கணவர் கும்பிட்டுவிட்டு எழுந்து, பெண்ணைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். நானும் பின்னாலேயே போய்விட்டேன். பஸ்ஸில் அவர் அழுதார். இருக்கிற மூளையாவது இருக்கட்டும் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

ஓட்டை அப்படியே இருந்தது. மத்தியானம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து நான்தான் சாம்பார் ஊற்றுவேன். அவள் சாப்பிடும்போது பருக்கையும் சாம்பாரும் மூக்கில் வரும். பக்கத்துப் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்து உட்காரும். முதலில் மூத்தவள் பெரிய பெண்போல அவளருகே உட்கார்ந்து முகத்தைத் துடைத்துவிடுவாள். மூன்றாம் வகுப்பு வந்தபோது மூத்தவளும் நகர்ந்து உட்கார்ந்தாள். இளையவளை இரண்டாம் வகுப்பிலேயே நிறுத்திவிட்டிருந்தார்கள். நான் கரண்டியும் கையுமாக இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரைக் கண்டிப்பது? மூத்தவளுக்கும் எட்டு வயதுதான்.

அந்த வருடம் அவலூர்பேட்டையில் ஒரு மருத்துவ முகாம் போட்டார்கள். காதுக்கும் டாக்டர் வருகிறார் என்றார்கள். அவளுக்குச் சளி பிடித்தால் காதில் சீழ் வரும், அதற்காகக் கூட்டிப்போனேன். வயதான டாக்டர் விளக்கை வைத்து இரண்டு காதையும் பார்த்தார். பிறகு அவள் முதுகுப்பக்கம் போய் நின்று மெதுவாகக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார். திரும்பவில்லை.

அண்ணம் பிளந்து பிறக்கிற பிள்ளைகளுக்குக் காதுக்குள் நீர் தங்கும், அது சகஜம், கைக்குழந்தையிலிருந்தே இவளுக்குச் சரியாகக் கேட்டிருக்காது, யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்பாததைப் பிடிவாதம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

"அப்ப மயக்க மருந்தால இல்லீங்களா, காது கேக்காததாலதானா?" என்று கேட்டேன்.

"எப்படிம்மா சொல்றது? இதுவா இருக்கலாம். அதுவா இருக்கலாம். ரெண்டும் சேர்ந்திருக்கலாம். பொறக்கும்போதே மூளையிலயும் ஏதாவது குறை இருந்திருக்கலாம்," என்றார்.

காதுக்குள் சின்னக் குழாய் வைக்கலாம், அண்ணத்தையும் மூடினால் நல்லது என்றார். மயக்கம் கொடுப்பீர்களா என்று கேட்டேன். கொடுக்காமல் எப்படி என்றார்.

வீட்டில் வந்து எல்லாவற்றையும் சொன்னேன். காது கேட்காத பிள்ளையை அடித்திருக்கிறோமே என்று மட்டும் என் கணவர் சொன்னார். குழாய் வைக்கலாமா என்று கேட்டேன். முடியாது என்று தலையாட்டினார். வைத்தே ஆகவேண்டும் என்று சண்டை போட எனக்கும் தைரியம் வரவில்லை. வைக்காமலும் கெடுக்கிறோம், வைத்தாலும் கெடுப்போம் என்று தோன்றியது. மருந்துதான் காரணம் என்று இருந்தவரைக்கும் திட்டுவதற்காவது ஒன்று இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

பல வருடங்கள் கழித்து மூத்தவளின் மகனுக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்றபோது, பயந்துபோய் எனக்குப் போன் செய்தாள். டாக்டரைக் கேள் என்றேன். ஒரே தடவை, கொஞ்ச நேரம் என்றால் கவலைப்பட வேண்டியதில்லை என்று சொன்னாராம். திரும்பத் திரும்பக் கொடுத்தால் என்று இவள் கேட்டாளாம். அதை இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள், உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றாராம். இப்போதாவது போய்ப் பார்க்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். செய்துவிடு, தள்ளிப்போடாதே என்று அவளிடம் சொன்னேன். பையன் நன்றாக இருக்கிறான். என் கணவர் அதைப் பார்க்க இல்லை. இளையவள் என்னோடுதான் இருக்கிறாள். நாற்பது தாண்டிவிட்டது. நான் இல்லாத நாளை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

முகாமுக்குப் போய்வந்த அடுத்த வருடம் திண்டிவனத்திலிருந்து என் அண்ணன் வந்தார். மூத்தவளைத் தன் வீட்டில் வைத்துப் படிக்கவைக்கிறேன் என்றார். நான் தயங்கினேன். மூத்தவளே, "நான் போறேம்மா," என்றாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் வேண்டாமென்று சொல்ல முடியவில்லை. பஸ் நிலையத்தில் இளையவளும் ஏறி அக்காள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவள் அப்பாதான் தூக்கி இறக்கினார். கீழே நின்றும், கண்டக்டர் விசில் கொடுக்கும்வரை அவள் ஜன்னல் கம்பியை விடவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் அவள் எதையாவது சொல்வாள், எங்களுக்குப் புரியாது. மறுபடி சொல்லு என்போம். சொல்வாள். இன்னொரு தடவை கேட்போம். உடனே தலையைச் சுவரில் மோதுவாள். நாளாக நாளாகச் சொல்வது குறைந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

அரையாண்டு லீவுக்கு மூத்தவள் வந்தாள். இளையவள் அவளைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் மூலையில் உட்காரவைத்து, மூச்சு விடாமல் பேசினாள். அத்தனை மாதங்களாகச் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் கொட்டியது. கை ஆட்டிக்கொண்டு, நடுநடுவே சிரித்துக்கொண்டு பேசினாள். அவ்வளவு பேச்சு அவளிடம் இருந்தது எனக்குத் தெரியாது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து நானும் நின்று கேட்டேன். என் கணவரும் வாசலில் நின்றார். இன்னா சொல்றா என்று கேட்டேன்.

மூத்தவள் தங்கச்சியின் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கும் புரியலம்மா," என்றாள்.

இளையவள் அதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து சொன்னாள், இந்தத் தடவை மெதுவாக. மூத்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். இளையவள் நிறுத்திக்கொண்டு, அவள் முகத்தைத் தன் பாவாடையால் துடைத்துவிட்டாள். லீவு முடிகிற வரைக்கும் இருவரும் ஒரே பாயில்தான் படுத்தார்கள். இளையவள் அதற்குப் பிறகு யாரிடமும் எதையும் சொல்ல முயலவில்லை.